ஊட்டியில் மால்ட் பாகு: பாதி இனிப்பு எங்கே போனது?

4 கிலோ பார்லி மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, இப்போது 3 கிலோ பாகு எடுக்கிறேன். போன குளிர்காலம் முழுவதும் அதே 4 கிலோவுக்கு 1.9 கிலோவைத் தாண்ட முடியவில்லை. தானியம் அதே, பாத்திரம் அதே, அடுப்பு அதே. இடையில் எதை எதையெல்லாம் மாற்றினேன், எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். மலையூரில் இருந்துகொண்டு இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு என் நோட்டுப் புத்தகம் உதவும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் சிறிய பேக்கரி நடக்கிறது. விறகு அடுப்பில் வர்க்கியும் பிரெட்டும் போடுகிறோம். பிரெட் மாவில் சர்க்கரைக்குப் பதிலாக மால்ட் பாகு சேர்த்தால் மேல்தோல் நன்றாகச் சிவக்கிறது, மறுநாளும் உள்ளே ஈரம் நிற்கிறது. குளிர் நாட்களில் பாலில் ஒரு கரண்டி கலந்து குடிக்கவும் ஆகும். கடையில் விற்கும் பாகு விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் நானே செய்யத் தொடங்கினேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதிலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். இதைத்தான் மாஷ் என்கிறார்கள். வடித்து எடுத்த இனிப்பு நீரைச் சுண்டக் காய்ச்சினால் பாகு. பீர் தயாரிக்கிறவர்கள் செய்யும் வேலையின் முதல் பாதி இதுவேதான். அவர்கள் அந்த நீரில் ஈஸ்ட்டைப் போட்டு நொதிக்க விடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் வீட்டில் மது தயாரிக்க இடம் தருவதில்லை, எனக்கும் அது தேவையில்லை. வடித்த அன்றே காய்ச்சி முடித்துவிடுகிறேன். ஆனால் தானியத்தில் இருக்கும் இனிப்பில் எத்தனை சதவீதம் நம் பாத்திரத்துக்கு வந்து சேர்கிறது என்ற கணக்கு இரண்டு வேலைக்கும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல பார்லி மால்ட்டில் எடையில் முக்கால் பங்கு நீரில் கரையக்கூடியது என்று வைத்துக்கொள்ளலாம். 4 கிலோவுக்கு 3 கிலோ. வடித்த நீரின் இனிப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் பிரிக்ஸ் அளவு தெரியும். 100 கிராம் நீர்மத்தில் எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்பதே அந்த எண். போன குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்தது 16 லிட்டர், 9 பிரிக்ஸ். எடை போட்டால் 16.6 கிலோ. அதில் 9 சதவீதம் என்றால் 1.5 கிலோ. இருக்க வேண்டிய 3 கிலோவில் சரிபாதி. இனிப்பு குறைவதோடு கதை முடிவதில்லை. நீர்த்த வடிநீரைச் சுண்ட வைக்கும்போது சிலிண்டரும் சேர்ந்து கரைகிறது.

முதல் சந்தேகம் தானியத்தின் மேல் விழுந்தது. உருளைக்கிழங்கும் தேயிலையும் நீலகிரியை நிரப்புவதற்கு முன்பு படுகர் வயல்களில் ராகி, சாமையோடு பார்லியும் விளைந்தது. இன்று இங்கே மூட்டைக் கணக்கில் வாங்குவதற்குப் பார்லி இல்லை. மளிகைக் கடையில் கஞ்சிக்கு விற்கும் பார்லி அரிசி உமியும் மேல்தோலும் தீட்டப்பட்டது. அது முளைக்காது. விதைக்கென்று விற்பதில் பூஞ்சை மருந்து பூசியிருக்கும், அதைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. ஆகவே உமியோடு கூடிய ராஜஸ்தான் பார்லியை மொத்தக் கடை வழியாக வரவழைத்தேன். வண்டி வாடகையோடு கிலோ 60 ரூபாய் ஆயிற்று. நம் நாட்டில் அதிகம் விளைவது ஆறு வரிசைக் கதிர்ப் பார்லி. மணி மெலிந்திருக்கும், உமி சற்று அதிகம். வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்லும் பருத்த இரண்டு வரிசைப் பார்லி அளவுக்குச் சத்து இறங்காது என்பது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் நூற்றுக்குச் சில பங்குதான். பாதியை அது விழுங்காது.

முளைப்பையும் சரிபார்த்தேன். ஈரத் துணியில் 100 மணிகளை வைத்ததில் தொண்ணூறுக்கு மேல் முளைத்தன. ஊறவைப்பதில் நான் பார்ப்பது எடையை மட்டும்: 8 மணி நேரம் நீரில், 8 மணி நேரம் வடிகட்டிக் காற்றில், மீண்டும் நீரில் என்று மாற்றி மாற்றி வைத்து, 1 கிலோ பார்லி 1.55 கிலோ ஆனதும் நிறுத்துகிறேன். பிறகு அகலத் தட்டில் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி, காலையும் மாலையும் கிளறிவிட்டால் போதும். ஊட்டியின் குளிர் இந்த வேலைக்கென்றே அமைந்தது. சமவெளியில் இதற்கு ஏசி அறை வேண்டும். இங்கே பின்கட்டு அறையில் தானாகவே 15 முதல் 17 டிகிரி இருக்கிறது. மணியை நீளவாக்கில் பிளந்தால் உமிக்குள் முளைக்குருத்து முக்கால் நீளம் ஓடியிருக்க வேண்டும். என் மணிகளில் ஓடியிருந்தது. வர்க்கி போட்டு இறக்கிய பிறகு அடுப்பில் மிஞ்சும் சூட்டில் கதவைத் திறந்து வைத்து, முதலில் 50 டிகிரியிலும் ஈரம் போனபின் 80 டிகிரியிலும் உலர்த்தினேன். பல்லில் கடித்தால் நொறுங்கியது, மாவாக இளகியது. உலர்ந்த வேர்களைத் தேய்த்து நீக்கிப் புடைத்தேன். கசப்பு அவற்றில்தான் இருக்கிறது. தானியத்தில் குற்றம் இல்லை.

அடுத்து உடைப்பு. என்னிடம் இருப்பது கையால் சுற்றும் இரும்பு எந்திரம், இரண்டு தட்டுகளுக்கு நடுவே தானியம் உடையும். தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை இரு சக்கர வாகன மெக்கானிக்கிடம் கடன் வாங்கிய ஃபீலர் கேஜால் அளந்தேன். 1.2 மில்லிமீட்டர். குறிப்புகளில் சொல்லும் அளவுதான். ஆனால் அது பருத்த மணிக்குச் சொன்னது. உடைத்த மால்ட்டில் 100 கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பியபோது உடையாத முழு மணிகள் கைநிறைய அகப்பட்டன. மெலிந்த மணிகள் தட்டுகளுக்கு இடையே படுத்தவாக்கில் நழுவிவிடுகின்றன. முழு மணிக்குள் வெந்நீர் புகாது, அதிலிருக்கும் சத்து அப்படியே சக்கைக்குப் போகும்.

இடைவெளியைக் குறைப்பதற்கு முன்பு மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். சுற்றும் கைவலி மிச்சமாகும் என்ற ஆசையும் இருந்தது.

"அண்ணா, மாவாக வேண்டாம். மணி மூன்று நான்காக உடைந்தால் போதும். உமி கிழியக் கூடாது."

"ரவைப் பதமா, தங்கச்சி?"

"அதைவிடவும் பெரிதாக."

"கல்லைத் தூக்கி வைத்துப் பார்க்கிறேன். ஆனால் கல்லுக்கு உமி வேறு, அரிசி வேறு என்று தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் அரைபடும்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. எவ்வளவு தூக்கி வைத்தும் உமி தூளாகி வந்தது. அன்றைய மாஷில் இனிப்பு கொஞ்சம் ஏறியது. ஆனால் வடிக்க முடியவில்லை. நான் பயன்படுத்துவது கொசுவலைத் துணியில் தையற்காரர் தைத்துக் கொடுத்த பை. அதன் கண்கள் எல்லாம் பசையால் அடைத்துக்கொண்டன. பையைத் தூக்கிக் கட்டி வைத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது, இரவு வரை காத்திருந்தும் 11 லிட்டருக்கு மேல் வரவில்லை. உமி முழுசாக இருந்தால்தான் அது சக்கைக்குள் வடிகட்டியாக வேலை செய்யும்.

திரும்பக் கை எந்திரத்துக்கு வந்து இடைவெளியை 0.8 மில்லிமீட்டருக்கு இறக்கினேன். ஃபீலர் கேஜ் கிடைக்காதவர்கள் ஏடிஎம் அட்டையை நுழைத்துப் பார்க்கலாம். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். இன்னொரு வேலையும் செய்தேன், அது இன்றுவரை தொடர்கிறது. உடைப்பதற்கு 10 நிமிடம் முன்பு 4 கிலோ மால்ட்டின் மேல் 80 மில்லி தண்ணீரைத் தெளித்துப் பிசிறி வைக்கிறேன். உமி மட்டும் ஈரத்தை இழுத்துத் தோல்போல் ஆகிவிடும், உள்ளே இருக்கும் மணி உலர்ந்தே இருக்கும். எந்திரத்தில் போட்டால் மணி நொறுங்கும், உமி மடங்கி முழுசாக வெளியே வரும். 4 கிலோ உடைக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. வலது தோளுக்கு நல்ல வேலைதான். தாளில் பரப்பிப் பார்த்தால் முழு மணிகள் தேடித்தான் அகப்படுகின்றன.

பலன் இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மொத்தம் 50 சதவீதம் இருந்தது 57 சதவீதத்துக்கு வந்து நின்றது.

அதன் பிறகு தண்ணீரின் மேல் சந்தேகம். நீலகிரியின் பாறை சார்னோகைட். அதன் மேல் ஓடிவரும் ஊற்றுநீரில் தாதுக்கள் மிகக் குறைவு, சோப்பு ஒரு முறை தேய்த்தாலே நுரைக்கும். மாஷின் அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 5.2க்கும் 5.6க்கும் இடையே இருந்தால் நொதிகள் நன்றாக வேலை செய்யும். அமிலம் கூடினால் இந்த எண் இறங்கும். அமிலம் பார்க்கும் காகிதப் பட்டை வைத்துப் பார்த்ததில் 5.6 அல்லது 5.7 என்று காட்டியது. பட்டையில் அதைவிட நுட்பமாகப் பார்க்க முடியாது. அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் சற்று இறங்கியது. இனிப்பு ஏறவில்லை. கால்சியத்துக்காக ஜிப்சம் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன், அதிலும் மாற்றம் இல்லை. தண்ணீரோடு இத்தனை நாள் போராடியிருக்க வேண்டியதே இல்லை. இப்போது எலுமிச்சையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வியை முன்னால் வைத்தேன். இனிப்பு உண்டாகவே இல்லையா, அல்லது உண்டாகியும் சக்கையோடு போகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதற்கு உடைப்பு, சூடு, நேரம் மருந்து. இரண்டாவதற்குக் கழுவுவது, பிழிவது மருந்து. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த நோய் என்று தெரியாது. மொத்தக் கணக்கைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பையைப் பிழிந்து பிழிந்து கை சிவந்ததும் அதனால்தான்.

பிரித்துப் பார்ப்பது மிக எளிது. சக்கையைக் கழுவ வெந்நீர் விடுவதற்கு முன்பு, மாஷை நன்றாகக் கிளறிவிட்டு, தெளிந்த முதல் வடிநீரில் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துப் பிரிக்ஸ் பார்க்க வேண்டும். நான் 1 கிலோ மால்ட்டுக்கு 3 லிட்டர் தண்ணீர் விடுகிறேன். 1 கிலோவில் 750 கிராமும் கரைந்துவிட்டால் 3.75 கிலோ நீர்மத்தில் 750 கிராம், அதாவது 20 பிரிக்ஸ். மாவுச்சத்து எல்லாம் மாறிவிட்டால் முதல் வடிநீர் 20ஐ ஒட்டி நிற்க வேண்டும். எத்தனை லிட்டர் வடிந்தது, எவ்வளவு பிழிந்தோம் என்பதற்கெல்லாம் இதில் வேலையே இல்லை.

பழைய நோட்டில் எப்போதோ குறித்து வைத்திருந்த முதல் வடிநீர் அளவு ஒன்று இருந்தது: 13. கணக்குப் போட்டால் கிலோவுக்கு 450 கிராம்தான் கரைந்திருக்கிறது, 60 சதவீதம். உடைப்பைச் சரிசெய்த பிறகு 14.5, அதாவது 68 சதவீதம். பழைய 4 கிலோ மாஷுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். இழந்த 1.5 கிலோவில் 1.2 கிலோ மாறவே இல்லை. சக்கையில் தங்கியது 300 கிராம்தான்.

உறுதிப்படுத்த அயோடின் சோதனை. மருந்துக் கடையில் புண்ணுக்கு வாங்கும் போவிடோன் அயோடின் போதும், தேநீர் நிறத்துக்கு நீர் கலந்துகொள்ளலாம். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு மாஷ் நீர், பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின், இரண்டையும் குச்சியால் இழுத்துச் சேர்க்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் மாவுச்சத்து தீர்ந்தது. கருநீலம் ஆனால் இன்னும் இருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகள்: சொட்டு ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் நீல நிறம் மறைந்துவிடும். உமித் துணுக்கு விழக் கூடாது, அது எப்போதும் கறுக்கும். ஒரு மணி நேரம் ஊறிய என் மாஷ் மையைப்போலக் கறுத்தது.

நல்ல மால்ட், நல்ல உடைப்பு, அமிலம் சரி. இருந்தும் மாறவில்லை என்றால் மிச்சமிருப்பது சூடு. ஆனால் தெர்மாமீட்டர் 67 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை நான் சந்தேகிக்காததற்குக் காரணம், அதை வாங்கியபோதே சரிபார்த்திருந்தேன். முள் வைத்த வட்டமான தெர்மாமீட்டர், பின்புறம் ஒரு நட்டு இருக்கும். அதோடு வந்த தாளில், கொதிக்கும் நீரில் அமிழ்த்தி முள் 100இல் நிற்கும்வரை நட்டைத் திருப்பவும் என்று எழுதியிருந்தது. அப்படியே செய்திருந்தேன்.

தாள் எழுதியவர் கடற்கரை ஊரில் இருந்து எழுதியிருக்கிறார். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92.5 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக இங்கே குக்கர் இல்லாமல் ஆகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த அறிவு தெர்மாமீட்டரின் நட்டுவரைக்கும் போய்ச் சேரவில்லை. 92.5ஐ 100 என்று காட்டும்படி திருப்பினால் முள் எல்லா இடத்திலும் ஏழரை டிகிரி கூட்டிக் காட்டும். அது 67 என்று சொன்னபோது மாஷ் உண்மையில் 59.5 டிகிரியில் இருந்திருக்கிறது. பார்லி மாவுச்சத்து குழைவதற்கே 60 முதல் 65 டிகிரி வேண்டும். குழையாத மாவுச்சத்தை நொதியால் எளிதில் உடைக்க முடியாது. ஒரு மணி நேரம் அல்ல, மூன்று மணி நேரம் வைத்திருந்தாலும் அதில் பெரும்பகுதி அப்படியேதான் கிடந்திருக்கும்.

மலையில் நம்பத் தகுந்த அளவுகோல் பனிக்கட்டி. அது உருகும் வெப்பம் உயரத்தைப் பார்த்து மாறுவதில்லை. ஒரு டம்ளர் நிறையத் தூளாக்கிய பனிக்கட்டியை நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் கிளறி, முள்ளை வைத்தேன். 7க்கும் 8க்கும் நடுவே நின்றது. நட்டைத் திருப்பி 0க்குக் கொண்டுவந்தேன். மேல் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு சேர்த்து 40 டிகிரி வெந்நீரில் வைத்தேன். இரண்டும் ஒத்துப்போயின. பிறகு கொதிநீரில் வைத்தபோது முள் 92க்கும் 93க்கும் இடையே நின்றது. இனி எனக்கு இதுதான் கொதிநிலை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஏறத்தாழ 94, கொடைக்கானலில் 93, கீழே மேட்டுப்பாளையத்தில் 99 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதே தெர்மாமீட்டரை வைத்துத்தான் மால்ட்டையும் உலர்த்தியிருந்தேன். அங்கே இந்தப் பிழை நல்லதாகவே முடிந்தது. 80 என்று நினைத்து உலர்த்தியது உண்மையில் 72.5 டிகிரியில் நடந்திருக்கிறது. நொதிகள் சேதமில்லாமல் இருந்தன. பிழை எதிர்ப்பக்கமாக இருந்திருந்தால் நொதிகள் சேதப்பட்டிருக்கும், காரணமும் பிடிபட்டிருக்காது.

சரியான 67 டிகிரியைப் பிடிப்பதற்கும் கணக்கு மாறுகிறது. ஊட்டியில் ஜனவரிக் காலையில் மால்ட் 12 டிகிரியில் இருக்கும். 1 கிலோவுக்கு 3 லிட்டர் என்றால், தானியம் கலந்த பின் 67 நிற்க வெந்நீர் 74.5 டிகிரியில் இருக்க வேண்டும். பாத்திரம் இழுத்துக்கொள்ளும் சூட்டுக்காக நான் 76இல் ஊற்றுகிறேன். 30 டிகிரி வெயிலில் இருக்கும் ஊரில் 72 போதும். முதலில் வெந்நீர், பிறகு மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டும், உருண்டையின் நடுவில் மாவு உலர்ந்தே கிடக்கும்.

தெர்மாமீட்டரைச் சரிசெய்த பிறகு போட்ட முதல் மாஷில் 67இல் தொடங்கியது ஒரு மணி நேரத்தில் 61க்கு இறங்கிவிட்டது. எவர்சில்வர் அண்டா சூட்டை நாலா பக்கமும் விட்டுக்கொண்டே இருக்கிறது, வெளியே உறைபனி. அடுப்பைப் பற்றவைத்து ஏற்றலாம் என்றால் அடியில் பிடித்துக்கொள்ளும், பை வேறு கருகும். தடித்த தெர்மோகோல் பெட்டி ஒன்றை மீன் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிக் கழுவிக் காயவைத்து, அண்டாவை அதற்குள் இறக்கி, மேலே பழைய கம்பளி இரண்டை மடித்துப் போட்டேன். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. 75 நிமிடத்தில் அயோடின் சொட்டு தன் நிறத்திலேயே நிற்கிறது. முதல் வடிநீர் 18.4 பிரிக்ஸ். 90 சதவீதம் மாறியிருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்த அன்று ரிஃப்ராக்டோமீட்டரைத் துடைத்துவிட்டு, வடிநீரில் வேறு சொட்டு எடுத்து மறுபடியும் பார்த்தேன்.

சக்கையில் தங்கும் இனிப்பைக் கவனிக்க இப்போது நேரம் வந்தது. முன்பு 8 லிட்டர் வெந்நீரை ஒரே தடவையில் பையின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீர் தனக்கு எளிதான வழியைப் பிடித்து ஓரமாக இறங்கிவிடும், நடுவில் உள்ள சக்கை கழுவப்படாமலே இருக்கும். இப்போது பையை முதலில் முழுவதும் வடியவிட்டு, வேறு பாத்திரத்தில் 75 டிகிரி நீர் 4 லிட்டரில் பையை இறக்கித் திறந்து நன்றாகக் கிளறி, 10 நிமிடம் விட்டு எடுக்கிறேன். வடிந்ததும் இன்னொரு 4 லிட்டரில் மறுபடியும். கடைசியில் பையின் மேல் தட்டு வைத்து அதன் மேல் ஆட்டுக்கல் குழவியை ஏற்றிவிடுகிறேன், கையால் பிழிவதில்லை. 16 லிட்டர், 14.3 பிரிக்ஸ். கரைந்திருப்பது 2.4 கிலோ, அதாவது 80 சதவீதம். சக்கை பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போகிறது.

காய்ச்சுவதில் உயரத்தால் இன்னொரு மாற்றம் உண்டு. இத்தனை டிகிரிக்கு வந்தால் பாகு பதம் என்று குறிப்புகளில் இருக்கும் எண்ணிலிருந்து ஏழரை டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாகு தீய்ந்துவிடும். நான் சூட்டை நம்புவதை விட்டுவிட்டேன். என் ரிஃப்ராக்டோமீட்டர் 32 வரைதான் காட்டும். அதனால் 10 கிராம் பாகை 30 கிராம் வெந்நீரில் கரைத்துப் பார்த்து, வந்த எண்ணை நான்கால் பெருக்குகிறேன். 19.8 வந்தால் பாகு 79 பிரிக்ஸ், அடுப்பை அணைக்கலாம். அந்த அடர்த்தியில் பாட்டில் கெடாமல் இருக்கிறது. கடைசி அரை மணி நேரம் அகன்ற வாணலிக்கு மாற்றி, தீயைக் குறைத்து, கரண்டியை விடாமல் கிளற வேண்டும். தொலைபேசி வந்தாலும் எடுக்கக் கூடாது.

செலவு: 4 கிலோ மால்ட்டுக்கு 5 கிலோ பார்லி வேண்டும், 300 ரூபாய். காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போட்டதில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ எரிவாயு, 100 ரூபாய் அளவுக்கு. முன்பு இந்த 400 ரூபாய்க்கு 1.9 கிலோ பாகு, கிலோ 210 ரூபாய். இப்போது 3 கிலோ, கிலோ 133 ரூபாய். என் உழைப்பைச் சேர்க்கவில்லை. ரிஃப்ராக்டோமீட்டர் 1,200 ரூபாய், ஃபீலர் கேஜ் இரவல், அயோடின் வீட்டில் இருந்தது. ஜிப்சத்துக்கும் அமிலப் பட்டைக்கும் போன பணத்தில் நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கியிருக்கலாம். முள் தெர்மாமீட்டர் சற்றே தட்டுப்பட்டாலும் விலகுகிறது, ஒவ்வொரு முறையும் பனிக்கட்டியில் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்து வாங்கப்போவது அதுதான்.

மீதி 20 சதவீதத்தில் பாதி மாஷிலும் பாதி சக்கையிலும் நிற்கிறது. சக்கைப் பக்கத்தில் இன்னும் கழுவினால் வடிநீர் நீர்த்துப்போகும், எரிவாயு கூடும். ஆகவே அதைத் தொடப்போவதில்லை. மாஷ் பக்கத்தில் உடைப்பை 0.7 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோய், பை அடைக்கிறதா என்று பார்க்கப்போகிறேன். அதோடு 1 கிலோ ராகி மாவைச் சேர்க்கும் எண்ணமும் இருக்கிறது. ராகியின் மாவுச்சத்து குழைய பார்லியைவிட அதிகச் சூடு வேண்டும். எனவே அதைத் தனியாகக் கூழாகக் காய்ச்சி, 70 டிகிரிக்கு ஆறவைத்து, பார்லி மாஷில் கலந்து, பார்லியின் நொதிகளைக்கொண்டே மாற்ற வேண்டும். 92.5 டிகிரிக் கொதி அதற்குத் தாராளம். முதல் வடிநீரின் அளவையும் அயோடின் சொட்டையும் குறிக்க நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.